நாற்பத்தைந்தில் ஓடிய பயாஸ் பாய்

அன்று காலை இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் நேரத்தில் கைப்பேசி பாடியது. பயாஸ் பாய் அழைத்தால் மட்டும் ஒலிக்கும்படி அதில் ஒரு மெட்டை வைத்திருந்தேன். அவரே வாசித்த மெட்டு. அது சரியாகத் தொடங்குவதற்குள் எடுத்து, "இன்னா பாய், காலங்காத்தால" என்றேன். அந்தப் பக்கம் அவர் இல்லை. அவர் மகள் நஸ்ரின். "வேலு சாச்சா" என்று கூப்பிட்டாள். அப்பாவின் தம்பியைக் கூப்பிடும் அந்தச் சொல்லால்தான் சின்ன வயதிலிருந்து என்னைக் கூப்பிடுகிறாள். அன்று அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அவள் கணவர் போனை வாங்கி, விடியற்காலைத் தொழுகை முடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றும், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றும் சொன்னார்.

வாணியம்பாடியில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. தோல் வியாபாரிகள், ரசாயனக் கடைக்காரர்கள், அவர் உதவியால் படித்த பிள்ளைகள் என்று தெரு அடைத்துக்கொண்டது. உடலைத் தூக்கி ஜனாஸா புறப்படும் நேரத்தில் புதூர்நாட்டிலிருந்து இரண்டு ஜீப் நிறைய மலைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பெண்கள் நேரே உள்ளே போய் நஸ்ரினைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் வெளியே தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்தில் நின்ற பெரிய வியாபாரி ஒருவர் என் காதருகே குனிந்து, "கடுக்காய் பார்ட்டிங்களா?" என்று விசாரித்தார். தோல் பதனிட ஒரு காலத்தில் மலையிலிருந்துதான் கடுக்காய் வரும். அவர் கேட்டதில் தப்பில்லை.

"இல்லைங்க, பாயோட ரசிகருங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். துக்கத்தில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். இடம் பொருள் பார்த்து அன்று நான் விளக்கவில்லை. இந்தக் கட்டுரை அவருக்காகவும், பயாஸ் பாயைத் தோல் பதனிடும் ஷாப் முதலாளியாக மட்டுமே அறிந்த மற்றவர்களுக்காகவும் எழுதுவது. உங்கள் பயாஸ் பாய் ஓர் இசைத்தட்டு வெளியிட்டவர். அதில் கிதார் வாசித்தவன் நான்.

எழுபதுகளின் கடைசியில் பயாஸுக்குத் தோள்வரை முடி. தொழில் கற்றுக்கொண்டு வரட்டும் என்று அவர் அப்பா அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார். திரும்பும்போது ஒரு பெரிய மரப்பெட்டி கூடவே வந்தது. மாதிரித் தோல்கள் என்று எண்ணி வீடே கூடி நின்று திறந்தது. உள்ளே கட்டைகளும் குமிழ்களும் ஒயர்களுமாக ஒரு சிந்தசைசர். மின்சாரத்தால் சத்தத்தை உண்டாக்கி வளைக்கிற வாத்தியம். இது எதற்கு என்று அப்பா கேட்டிருக்கிறார். இதில் காற்றுச் சத்தம், மழைச் சத்தம் எல்லாம் வரும் என்று மகன் சொல்லியிருக்கிறார். "அதெல்லாம் வெளிய சும்மாவே வருதே" என்று சொல்லிவிட்டு அப்பா ஷாப்புக்குக் கிளம்பிவிட்டாராம். இந்தக் கதையை பயாஸ் பாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அப்பாவின் கட்சிதான் சரி என்கிற மாதிரியே சொல்வார்.

நான் ஆலங்காயம் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்லூரிக்காக வாணியம்பாடிக்கு வந்து, கூடப் படித்த ஜேம்ஸிடம் கிதாரைக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் ஜேம்ஸ் கல்லறையிலிருந்து எழுந்து மறுப்பான். ஏதோ பிடிக்கத் தெரிந்தது. ஜேம்ஸ் டிரம்ஸும் வாசிப்பான். எங்கள் இருவரையும் பயாஸ் எங்கோ கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். ஒத்திகை அவர்கள் கடுக்காய் கிடங்கில். ஒரு பக்கம் கூரை வரைக்கும் மூட்டை, மறு பக்கம் ஊறல் தோலின் வாடை. வீட்டுக்குப் போனால் என் அம்மா வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவாள். இசைக்கு நிறம் உண்டு, சுவை உண்டு என்றெல்லாம் பெரியவர்கள் எழுதுகிறார்கள். எங்கள் இசைக்கு நாற்றம் உண்டு, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கடுக்காய் பேச அவர் அடிக்கடி மலைக்குப் போவார். நானும் ஜீப்பில் தொற்றிக்கொள்வேன். மூட்டை எடை போட்டு முடிப்பதற்குள் அவர் ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மரத்தடி மரத்தடியாக அலைவார். தகரக் கொட்டகையில் மழை விழுவது, பாறைத் தேனீயின் இரைச்சல், காயவைத்த கடுக்காயை முறத்திலிருந்து தகரத்தில் கொட்டும் கலகலப்பு என்று எல்லாவற்றையும் பிடித்து வந்து சிந்தசைசரோடு குழைப்பார். அதன் மேல் என் கிதார், ஜேம்ஸின் டிரம்ஸ். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் பயாஸ் சொல்லே இல்லாமல் முனகுவார். மற்றபடி பாட்டு கிடையாது. எல்லாமே மெதுவாகப் போகும். மலையில் மேகம் இறங்கி வீடுகளை மூடி, பிறகு மனம் மாறி எழுந்து போகுமே, அந்த வேகம். தட்டுக்கு 'சந்தனக்காட்டில் மின்சாரம்' என்று பெயர் வைத்தார். உறையில் எங்கள் படம் வேண்டாம் என்று அவரே ஒரு சந்தன மரத்தை வரைந்து, கிளைக்குக் கிளை குண்டு பல்பு தொங்கவிட்டார்.

சென்னையில் ஒரு சின்ன நிறுவனம் அச்சடித்துக் கொடுத்தது. முதல் தட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் ஒரு பெரிய இசைத்தட்டுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மரியாதையாக ஊசியை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி மின்விசிறியைப் பார்த்தார்.

"கரண்ட் கம்மியா கீதா பாய்?"

வெளியே வந்து பயாஸ்தான் அதிகம் சிரித்தார். பேருந்தில் வேலூர் தாண்டும்வரை சிரித்தார். ஆனால் அந்த மாதமே சிந்தசைசர் மரப்பெட்டிக்குள் போய், பெட்டி பரணுக்குப் போனது. தட்டுகள் கிடங்கிலேயே கிடந்தன. கடுக்காய்க்கு இடம் வேண்டும் என்று அவர் அப்பா சத்தம் போட, ஒரு கட்டுத் தட்டை மட்டும் மலைக்குப் போகும் ஜீப்பில் ஏற்றி, யாராவது கேட்டால் கொடு என்று டிரைவரிடம் சொன்னார் பயாஸ். மற்றதைக் கரையானும் கிடங்கின் வெக்கையும் பார்த்துக்கொண்டன. எனக்குத்தான் ஆற்றாமை தாங்கவில்லை. அவர் என் தோளில் கை போட்டு, "நாம வாசிச்சுட்டோம் வேலு. கேக்கறது அவங்க வேலை" என்றார். அந்த அவங்க யார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவர் தொழிலைப் பெருக்கினார், நாணயமானவர் என்று பெயர் எடுத்தார், ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். நான் மின்சாரத் துறையில் சேர்ந்தேன். என் பாதி வேலை மலைக் கிராமங்களுக்குக் கம்பி இழுப்பது. "பேரு வச்சது நானு, மின்சாரம் கொண்டுபோறது நீயா?" என்று பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார். இசையைப் பற்றி எங்களுக்குள் பேச்சு அந்தக் கேலியோடு முடிந்துவிடும். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை என்றே நான் நம்பியிருந்தேன்.

அவருக்கு முதல் முறை நெஞ்சுவலி வந்தபோது அந்த நம்பிக்கை பொய் என்று தெரிந்தது. மருத்துவமனையில் நஸ்ரினை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஏதோ சொத்து விஷயம் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே போனேன். "எல்லாம் பாத்துட்டேன் வேலு. அந்தத் தட்டை எவனாவது ஒருத்தன் தானா எடுத்துப் போட்டுக் கேக்கறத மட்டும் பாக்கல" என்றார். எங்கள் இருவரிடமும் அந்தத் தட்டின் ஒரு பிரதிகூட இல்லை.

இங்கேதான் நிவேதா வருகிறாள். சென்னையில் ஏதோ கணினி வேலை. விடுமுறை நாட்களில் பழைய தட்டு தேடிச் சந்தை சந்தையாகச் சுற்றுவாள். செங்கம் சந்தையில் பழைய பாத்திரக் கடையில், ஓட்டை அண்டாவுக்குள் பல்பு தொங்கும் மரத்தின் படத்தைப் பார்த்திருக்கிறாள். வாங்கிப் போய்க் கேட்டு, கொஞ்சத்தை இணையத்தில் ஏற்றியிருக்கிறாள். எங்கெங்கோ இருந்து ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். ஜப்பான்காரர் ஒருவர், பிரேசில்காரர் ஒருவர், எல்லோரும் யார் இவர்கள், இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்று. உறையின் மூலையில் இருந்த எங்கள் பெயர்களை வைத்துத் துப்புத் துலக்கி ஒரு நாள் தோல் ஷாப்புக்கே வந்துவிட்டாள்.

பயாஸ் பாய் என்னை உடனே வரச் சொன்னார். போனால், நாற்காலி நுனியில் உட்கார்ந்து பரீட்சை ரிசல்ட் கேட்கிற பையன் மாதிரி இருந்தார். உங்களுடையது அருமையான சைகடெலிக் ராக் என்றும், அந்தக் காலத்து மின்னணு இசையில் இந்த மாதிரி ஒன்றை அவள் கேட்டதே இல்லை என்றும் நிவேதா சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "கேட்டியா வேலு, நாம வாசிச்சதுக்கு இன்னாவோ பேர்லாம் கீதாம்" என்றார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. என் கிதாரைப் பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் தட்டை மறுபடி வெளியிட விரும்பினாள். ஆனால் செங்கத்தில் கிடைத்தது அண்டாவில் தேய்ந்து, பாதி இடத்தில் ஊசி குதித்தது. மூல ஒலிநாடா எங்கும் இல்லை. கீறல் இல்லாத ஒரு பிரதி கிடைத்தால்தான் முடியும் என்றாள். அப்போது பாய்க்கு ஜீப்பில் ஏற்றிய கட்டு நினைவுக்கு வந்தது. நாங்கள் மூவரும் மலைக்குப் போவது என்று முடிவானது. டாக்டரும் நஸ்ரினும் பயணம் கூடாது என்றிருந்தார்கள். கடுக்காய் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் ஷாப்பில் கடுக்காய் வாங்குவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. நஸ்ரின் பேசாமல் மாத்திரைப் பையை என் கையில் கொடுத்தாள்.

புதூர்நாடு தாண்டி ஒரு வளைவில் திரும்பும்போது எங்கோ மைக் செட் கேட்டது. ஏதோ கல்யாணம். புளியமரத்து உச்சியில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் துள்ளுகிற மெட்டு ஒன்று ஓடியது. கம்பி இழுத்த நாட்களில் எப்போதோ காதில் விழுந்த ஏதோ சினிமா மெட்டு என்று எண்ணிக்கொண்டு நான் வெளியே வேடிக்கை பார்த்தேன். பாய் டிரைவரின் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னார். அவர் விரல்கள் ஜீப்பின் முன்பலகையில் தானாக நகர்ந்துகொண்டிருந்தன. முதலில் நெஞ்சுவலியோ என்று மாத்திரைப் பையைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார். மெட்டுக்குள் கலகலவென்று ஒரு சத்தம் கொட்டியது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். தகரத்தில் கடுக்காய்.

"வேலு, இது நம்பளுது" என்றார். "இன்னாத்துக்கு இப்படி ஓடுது?"

மைக் செட்காரர் பெயர் வெள்ளையன். ஐம்பது வயதிருக்கும். தேடிப்போய்க் கேட்டதும், இதுதான் பெண் அழைப்பு மெட்டு என்றார். மணப்பெண் ஊருக்குள் நுழையும்போது இது போடாமல் இந்தப் பக்கம் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. அவருடைய அப்பா பேட்டரியில் மைக் செட் ஓட்டிய காலத்தில் ஜீப் டிரைவர் ஒருவர் ஒரு கட்டுத் தட்டு கொடுத்தாராம். அப்பாவின் ரிக்கார்டு பிளேயரில் வேகம் மாற்றுகிற குமிழ் உடைந்து, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்பதிலேயே நின்றுவிட்டது. சினிமாப் பாட்டின் சின்னத் தட்டுகள் அந்த வேகத்தில்தான் ஓடும், அதனால் யாரும் அதைச் சரி செய்யவில்லை. முப்பத்து மூன்றில் ஓட வேண்டிய எங்கள் பெரிய தட்டையும் அதிலேயே வைத்திருக்கிறார்கள். பாட்டு வரிகள் இருந்திருந்தால் வேகம் தப்பு என்று யாருக்காவது தெரிந்திருக்கும். எங்களுடையதில்தான் வரியே இல்லையே. மேகம் இறங்குகிற எங்கள் இசை, மணப்பெண்ணை ஓட்டமும் நடையுமாக அழைத்து வருகிற ஆட்டமாகிவிட்டது. பிறகு அதையே கேசட்டில் பிடித்து, இப்போது பென்டிரைவில் வைத்திருந்தார். தட்டுகளில் ஒன்றுதான் தேய்ந்தது. ஒன்று போனால் இன்னொன்று வேண்டுமே என்று மீதியைப் பிரிக்காமல் அம்மியடியில் துணி சுற்றி வைத்திருப்பதாகச் சொன்னார்.

நிவேதா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தட்டுகள் கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம், இப்படி ஒரு தப்பு இத்தனை காலம் நடந்திருக்கிறதே என்ற வேதனை ஒரு பக்கம். சரியான வேகத்தில் இவர்கள் ஒரு முறையாவது கேட்க வேண்டும் என்று தன் கைப்பேசியை வெள்ளையனின் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினாள். கல்யாணக் கூட்டம் விருந்தாளிகளுக்கு மரியாதையாக ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டது. கொஞ்ச நேரம் போனது. வெள்ளையன் தன் ஜெனரேட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"கரண்ட் கம்மியாய்டுச்சுங்களா?" என்றார்.

பாய் சிரித்த சிரிப்பைச் சொல்லி மாளாது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், போடுகிறார், மறுபடி சிரிப்பு வந்து கழற்றுகிறார். எனக்கோ ஆத்திரம். நாற்பத்தைந்தில் என் கிதார் கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது, எங்கள் இசையைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவர் காதில் முணுமுணுத்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "நாம மெதுவா வாசிச்சோம், அவங்க வேகமா கேட்டாங்க. கேட்டாங்க பாரு, அத்த சொல்லு."

அதற்குள் பெண்கள் நாலு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வாசித்தவர்கள் நீங்கள் என்றால் நடுவில் முனகுகிற அந்தப் பொண்ணை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டார்கள். தங்கள் கல்யாணத்திலும் மகள்கள் கல்யாணத்திலும் கேட்ட குரல், பார்க்க வேண்டும் என்று ஆசை. நாற்பத்தைந்தில் ஆண் குரல் பெண் குரலாகியிருக்கிறது. "அந்தப் பொண்ணு நான்தாங்க" என்றார் பாய், வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டே. யாரும் நம்பவில்லை. பெரிய மனிதர் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தட்டு மறுபடி வெளிவந்தது. அதில் முப்பத்து மூன்றில் ஒன்று, நாற்பத்தைந்தில் ஒன்று என்று இரண்டையும் போட்டே ஆக வேண்டும் என்று பாய் நிவேதாவிடம் பிடிவாதம் பிடித்தார். ஜப்பான்காரருக்கு எது பிடித்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் கவலை வேறு. அடுத்த தை மாதம் தன் மகனுக்குக் கல்யாணம், பெண் அழைப்புக்கு நீங்களே வந்து வாசிக்க வேண்டும் என்று வெள்ளையன் கேட்டிருந்தார். பாய் யோசிக்காமல் சரி என்றுவிட்டார்.

பரணிலிருந்து பெட்டி இறங்கியது. சிந்தசைசரில் சில கட்டைகள் செத்துப்போயிருந்தன. பெங்களூரிலிருந்து ஆளைக் கொண்டுவந்து உயிர் கொடுத்தாயிற்று. விரல்களுக்கு உயிர் கொடுக்கத்தான் ஆள் இல்லை. இருபத்து சொச்ச வயதில் மெதுவாக வாசித்ததை எழுபதைத் தாண்டிய வயதில் ஓட்டமாக வாசிக்க வேண்டும். அதே கிடங்கில் தினம் மாலை ஒத்திகை. பாதியில் மூச்சு வாங்கும். நாம் விரலை அசைத்தால் போதும், பென்டிரைவ் பாடட்டும் என்று நான் யோசனை சொன்னேன். பாய் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நஸ்ரின் அழுதாள், திட்டினாள், கடைசியில் நானும் வருகிறேன் என்று கிளம்பினாள்.

கல்யாணத்தன்று காலை நல்ல வெயில். சாமை அறுத்த வயலோரம் எங்களுக்கு ஒரு பந்தல். டிரம்ஸுக்கு ஜேம்ஸ் இல்லை; பம்பை மேளக்காரர்கள் தாங்களே அடிப்பதாகச் சொன்னார்கள். அந்த மெட்டு அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தூரத்தில் மணப்பெண்ணின் ஜீப் வந்து நின்றதும் வெள்ளையன் கை காட்டினார். பாய் ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வேகத்தில் சரியாக, பிசகாமல். கூட்டம் துள்ளியது. மணப்பெண் தோழிகளோடு ஓட்டமும் நடையுமாக வரத் தொடங்கினாள். எனக்கே கால் ஆடியது.

பாதி வழியில் அவர் இடது கை பின்தங்கியது. நெற்றியில் வியர்வை. பின்னால் நின்ற நஸ்ரின் தண்ணீரோடு முன்னால் வந்தாள். போதும் என்று நான் கண்ணால் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, நிறுத்தாமல், வேகத்தை மட்டும் குறைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் கொண்டுவந்து முப்பத்து மூன்றில் விட்டார். பம்பைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் இறங்கினார்கள். ஆடியவர்கள் ஆட்டத்தை மெதுவாக்கினார்கள். மணப்பெண் நடக்கத் தொடங்கினாள். ஓட்டத்தில் யாருக்கும் சரியாகக் கேட்காமல் போனதெல்லாம் அப்போது கேட்டது. சிந்தசைசரில் அவர் எழுப்பிய தகர மழை, தேனீ, கடுக்காய். முனகும் இடம் வந்ததும் பாய் மைக்கை இழுத்துத் தன் சொந்தக் குரலில் முனகினார். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள்.

மணப்பெண் வாசலை அடைந்தபோது இசை முடிந்தது. பாய் மூச்சு வாங்கிக்கொண்டே மைக்கில், "கரண்ட் கம்மிங்க, மன்னிச்சுக்குங்க" என்றார். ஊரே சிரித்தது. வெள்ளையன் பந்தலுக்குள் வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்குள்ள எவ்ளோ கீதுங்க பாய். இத்தினி நாளா ஓட்டத்துலயே வுட்டுட்டோம்."

திரும்பும்போது ஜீப்பில் நஸ்ரின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். வளைவுகள் முடிந்து சமவெளி வந்ததும் கண் திறக்காமல், "கேட்டுட்டாங்க வேலு" என்றார். அவ்வளவுதான். அப்படி ஒரு நிறைவை நான் வேறு எந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தார், சந்தோஷமாக, தினமும் கொஞ்சம் வாசித்துக்கொண்டு.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது வெள்ளையன் ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போனார். இப்போது மலையில் பெண் அழைப்புக்கு இரண்டையும் போடுகிறார்களாம். ஊர் எல்லையிலிருந்து மெதுவானது. வீடு கண்ணில் பட்டதும் ஓட்டமானது. எந்த வேகம் முதலில் என்று ஊர் கூடித் தீர்மானித்தார்களாம்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அதிகமில்லை. வெள்ளையனின் பென்டிரைவிலிருந்து எடுத்து என் கைப்பேசியில் வைத்த அந்த மெட்டு மட்டும் இருக்கிறது, நாற்பத்தைந்து வேகத்தில். நஸ்ரின் தன் அப்பாவின் எண்ணை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னை அதிலிருந்துதான் அழைப்பாள். முன்பெல்லாம் முதல் சுரத்திலேயே எடுத்துவிடுவேன். இப்போது எடுப்பதில்லை. என் கொசுக் கிதார் ஓடி முடிந்து, கடுக்காய் கொட்டி, அந்தப் பொண்ணு முனகத் தொடங்கும் இடம் வரும்வரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏன் எப்போதும் தாமதமாகவே எடுக்கிறீர்கள் சாச்சா, பயமாக இருக்கிறது என்று அவள் சண்டை பிடித்தாள். போன வாரம் சொல்லிவிட்டேன்.

"உங்கப்பா பாடினு இருந்தாரும்மா. முடிக்கட்டும்னு பாத்தேன்."

இப்போதெல்லாம் மணி முழுதாக அடித்து நான் எடுக்கும்வரை அந்தப் பக்கம் அவளும் பொறுமையாக இருக்கிறாள்.